புல்வெட்டி வண்டியின் பிளேடு பறக்கும் வேகம் தெரியுமா?

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லாவிட்டால் படத்திலாவது. அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு வாங்கிய சொந்தக்காரர் யாராவது அதில் ஏறி உட்கார்ந்து படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார். வண்டி போவதென்னவோ மணிக்கு 6 கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் 8. காலை நடைக்குக் கிளம்பியவர் கொஞ்சம் வீசி நடந்தால் முந்திவிடலாம். ஆனால் அதே வண்டியின் வயிற்றுக்கு அடியில், ஓட்டுகிறவரின் பாதத்துக்குச் சற்றே கீழே, ஒரு எஃகுப் பட்டையின் நுனி என்ன வேகத்தில் பறக்கிறது தெரியுமா?

மணிக்கு 340 கிலோமீட்டர்!

ஃபார்முலா 1 கார் நேர்ப்பாதையில் மூச்சைப் பிடித்து எட்டுகிற வேகம் அது. இன்னும் வேகமாகவும் சுழற்றலாம், ஆனால் விடமாட்டார்கள். அமெரிக்கத் தர விதிப்படி பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். தயாரிப்பாளர்கள் அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும்தான் வண்டியை வடிவமைக்கிறார்கள். 42 அங்குல அகலத்துக்கு வெட்டும் சாதாரண வீட்டு வண்டியில் சுமார் 21 அங்குல நீளத்தில் இரண்டு பிளேடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 50 சுற்றுக்குக் குறையாது. ஒரு பிளேடின் எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. முழு வேகத்தில் சுழலும் அந்தப் பட்டையில் தேங்கியிருக்கும் ஆற்றல், ஒரு கிலோ கல்லை 50-ஆவது மாடியிலிருந்து போட்டால் தரையில் வந்து மோதும் ஆற்றலுக்குச் சமம்!

வெறும் புல்லை வெட்ட இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கோல்ஃப் மைதானத்திலும் கிரிக்கெட் மைதானத்திலும் ஓடும் உருளை வகைப் புல்வெட்டியில், சுழலும் அலகுகளுக்குக் கீழே அசையாத ஒரு அலகும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் புல் மாட்டிக்கொண்டு நறுக்கென்று அறுபடும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் அந்தக் கீழ் அலகு கிடையாது. புல்லைப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. பிளேடு மெதுவாக வந்தால் புல் வளைந்து கொடுத்து ஒதுங்கிவிடும், பிளேடு போனதும் நிமிர்ந்துகொள்ளும். ஆகவே அது ஒதுங்குவதற்கு முன்பே அடி விழுந்தாக வேண்டும். அந்த 340 கிலோமீட்டர் வேகம் இதற்காகத்தான். இந்த வண்டி புல்லை வெட்டுவதே இல்லை, அடித்துத் துண்டாக்குகிறது!

அடுத்தது இன்னும் வேடிக்கை. 21 அங்குல பிளேடில் உண்மையில் வேலை செய்வது எவ்வளவு நீளம் தெரியுமா? இரண்டு முனையிலும் கூர் தீட்டிய பகுதி சில அங்குலம் இருக்கும். அதுகூட முழுவதும் வேலை செய்வதில்லை. வண்டி மணிக்கு 6 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 167 சென்டிமீட்டர் நகர்கிறது. பிளேடுக்கு இரண்டு முனை, நொடிக்கு 50 சுற்று, ஆக நொடிக்கு 100 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வண்டி முன்னேறும் தூரம் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. புதுப் புல்லைச் சந்திப்பது நுனியில் இருக்கும் அந்த ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே வெட்டிய புல்லின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய பிளேடைக் கழற்றிப் பார்த்தால் சாட்சி கிடைக்கும். நடுப்பக்கம் புதிதாகவே இருக்கும். நுனியின் மூலை மட்டும் தேய்ந்து வட்டமாகியிருக்கும். கடையில் வாங்கும்போது அந்த மூலை சதுரமாக, விரலில் குத்துகிற மாதிரி இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

அதாவது, பல லட்ச ரூபாய் வண்டி, குதிரைத்திறன், கோப்பை வைக்க ஓட்டை எல்லாம் சேர்ந்து சுமந்துகொண்டு திரிவது நாலு மூலைகளை!

வண்டியே பிளேடு மாதிரி பறந்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. ஹோண்டா நிறுவனம் 2014-இல் 'மீன் மோவர்' என்ற புல்வெட்டி வண்டியை மணிக்கு 187 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் கின்னஸ் சாதனை செய்தது. சாதனை செல்ல வேண்டுமானால் வண்டி புல்லையும் வெட்ட வேண்டும் என்பது நிபந்தனை. எதை வைத்து வெட்டினார்கள் தெரியுமா? பிளேடே கிடையாது! மின்மோட்டாரில் சுழலும் எஃகுக் கம்பி. உலகிலேயே வேகமான புல்வெட்டி என்று பெயரெடுத்த வண்டியைவிட, அடுத்த தெருத் தாத்தா ஓட்டும் வண்டியின் பிளேடு நுனி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம்.

பிரிட்டனில் 1973 முதல் புல்வெட்டி வண்டிப் பந்தயத்துக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. சசெக்ஸ் பக்கத்தில் விஸ்பரோ கிரீன் என்ற ஊரின் மதுக்கடையில் உட்கார்ந்து, செலவில்லாத மோட்டார் பந்தயம் என்ன நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் தொடங்கியது. 12 மணி நேரப் பந்தயம்கூட நடத்துகிறார்கள். கார்ப் பந்தய மேதை ஸ்டர்லிங் மாஸ் அதில் கலந்துகொண்டு வென்றிருக்கிறார்! அங்கே எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்று: பிளேடைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

துணி ஆலையில் பிறந்த இயந்திரம்

புல்வெட்டி இயந்திரத்துக்கு மூலம் புல்வெளி இல்லை, கம்பளி என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சுற்றிக் கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த காலம். நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்க ஒரு சுழல் உருளை இயந்திரம் இருந்தது. எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர் அதைப் பார்த்தார். துணிப் பிசிரைக் கத்தரிப்பது புல்லைக் கத்தரிக்காதா? 1830 ஆகஸ்ட் 31-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். 19 அங்குல அகலம், முழுக்க இரும்பு, தள்ளுவதற்கு ஆள். ஜான் ஃபெராபி என்பவரின் வார்ப்படப் பட்டறையில் தயாரானது. லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் தொடக்கத்திலேயே வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

அதற்கு முன் புல்வெளி என்பது பெரிய பணக்காரர் சமாச்சாரம். நீண்ட கைப்பிடி போட்ட அரிவாளை வீசத் தெரிந்த ஆட்கள் வரிசையாக நின்று விடியற்காலையில், பனி ஈரம் காய்வதற்குள் அறுக்க வேண்டும். வீச்சரிவாளுக்கு ஈரப் புல்தான் வசதி. இன்றைய வண்டிக்கு அது தலைகீழ். ஈரப் புல் பிளேடுக்கு மேலே இருக்கும் கூண்டுக்குள் அப்பிக்கொண்டு, காய்ந்து, அட்டையாய் இறுகிவிடும்.

பிறகு குதிரை இழுக்கும் புல்வெட்டி வந்தது. குளம்பு பதிந்து புல்தரை பாழாகாமல் இருக்கக் குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள்! அதன் பின் நீராவி, பிறகு பெட்ரோல். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் சுழல் பிளேடைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனதில் ஆஸ்திரேலியாவுக்குப் பெரிய பங்கு. சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் வீட்டில் கிடந்த சாமான்களை வைத்து ஒரு மாதிரி இயந்திரம் செய்தார். அதன் பெட்ரோல் டாங்க் என்ன தெரியுமா? பீச் பழம் அடைத்து வந்த காலி டப்பா! 1952-இல் 'விக்டா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்து நாட்டையே பிடித்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகள் அணிவகுத்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் உட்கார்ந்து ஓட்டும் வகை வேரூன்றியது 1960-களில். ஜான் டீர் நிறுவனத்தின் 110 மாடல் 1963-இல் வந்தபோது அதற்கு 7 குதிரைத்திறன்தான். அந்தக் கம்பெனியின் 1966-ஆம் ஆண்டு வண்டி ஒன்றில் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுக்காரர் 1994-இல் என்ன செய்தார் தெரியுமா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. கண் பார்வை மங்கியதால் கார் ஓட்ட இவருக்கு உரிமம் இல்லை. புல்வெட்டி வண்டிக்கு உரிமம் தேவையில்லையே! பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை சுமார் 240 மைல் தூரத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். ஆறு வாரம் ஆயிற்று. டேவிட் லின்ச் 1999-இல் இதையே படமாக எடுத்தார்.

அதே நாட்டில் புல்தரை மொத்தம் எவ்வளவு தெரியுமா? செயற்கைக்கோள் படங்களை வைத்து நாசா விஞ்ஞானிகள் 2005-இல் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,060தான்!

புல் கத்துவது கேட்கிறதா?

வெட்டிய புல்லின் அந்தப் பச்சை வாசனை எல்லாருக்கும் பிடிக்கும். வாசனைத் திரவியமாகக்கூடச் செய்து விற்கிறார்கள். ஆனால் அது என்ன தெரியுமா? காயம்பட்ட இலை வெளியிடும் அபாய அறிவிப்பு! ஹெக்செனால் என்ற வகை ரசாயனம் ஓர் இலை கிழிந்த சில நொடிகளில் காற்றில் கலக்கிறது. சில செடிகளில் இதே வகை வாசனை, இலையைத் தின்னும் புழுவுக்கு எதிரியான குளவியை 'இங்கே வா' என்று அழைக்கவும் பயன்படுகிறது.

இவ்வளவு அடி வாங்கியும் புல் ஏன் சாவதில்லை? அது வளர்வது நுனியிலிருந்து இல்லை, அடியிலிருந்து. வளர்ச்சிப் புள்ளி தரையை ஒட்டிப் பதுங்கியிருக்கிறது. ஆடு மாடு மேய்ந்து மேய்ந்தே கற்றுக்கொண்ட தந்திரம். ஆனாலும் ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள் என்கிறார்கள். அந்த அளவுக்குள் இருந்தால் புல் சளைக்காமல் மீண்டுவிடும்.

ஆனால் எப்படி வெட்டுப்படுகிறது என்பதில்தான் விஷயம். கூரான பிளேடு பட்ட புல்லைப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெட்டு நேராக, சுத்தமாக இருக்கும். மழுங்கிய பிளேடு பட்டதோ நார் நாராகப் பிய்ந்திருக்கும். இரண்டு நாளில் அந்தப் பிசிர் காய்ந்து வெளுத்து, தரை முழுவதும் வைக்கோல் நிறம் ஏறிவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிடுவார். உரம் போடுவார். கடைசி வரை பிளேடைப் பார்க்க மாட்டார்! பிய்ந்த காயம் ஆற நாளாகும், அதற்குள் பூஞ்சை நோய் உள்ளே நுழையவும் வழி கிடைக்கும். செலவும் கூடுகிறது. நெப்ராஸ்காவில் நடந்து 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், மழுங்கிய பிளேடால் வெட்டியபோது பெட்ரோல் 22 சதவீதம் கூடுதலாகக் குடித்தது தெரிந்தது.

சரி, அப்படியானால் சவரக் கத்தி மாதிரி தீட்டிவிட வேண்டியதுதானே? அதுதான் கூடாது! இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் அளவு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியின் கூர். அவ்வளவே போதும். விரல் வைத்தால் அறுபடக் கூடாது. மெல்லிய விளிம்பு 340 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னக் கல்லில், காய்ந்த குச்சியில் பட்டால் அந்த இடத்திலேயே மடங்கிவிடும், இல்லையென்றால் பொக்கை விழும். விளிம்பைச் சுமார் 30 டிகிரி சாய்வில், ஏற்கெனவே இருக்கும் சரிவை ஒட்டியே தீட்டுகிறார்கள். மேல்பக்கம் மட்டும். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும்.

தீட்டும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆங்கிள் கிரைண்டரை அழுத்திப் பிடித்தால் தீப்பொறி பறக்கும், வேலையும் சட்டென்று முடியும். ஆனால் விளிம்பில் நீல நிறம் தெரிந்ததா? போச்சு! எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்பதற்கு அந்த நீலம்தான் அடையாளம். கொல்லர்கள் சொல்வதுபோல் பதம் போய்விட்டது. அந்த இடம் மென்மையாகி அடுத்த வாரமே மழுங்கும். பட்டறைக்காரர்கள் கொஞ்சம் தீட்டுவார்கள், ஆறவிடுவார்கள், மறுபடி தீட்டுவார்கள். என்னைக் கேட்டால் வீட்டில் செய்கிறவர்களுக்குக் கை அரம்தான் உத்தமம். வைஸில் இறுக்கிவிட்டு ஒரே திசையில் அராவ வேண்டும். ஒரு பக்கம் எத்தனை இழுப்போ, மறுபக்கமும் அத்தனையே.

ஏன் அத்தனையே என்கிறேன் தெரியுமா? அங்கேதான் இந்தக் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

பத்து கிராமின் பலம்

பிளேடின் ஒரு முனையில் அதிகமாக அராவிவிட்டீர்கள். இன்னொரு முனை வெறும் 10 கிராம் கனமாக இருக்கிறது. பத்து கிராம் என்ன பெரிய எடை? கையில் வைத்தால் தெரியக்கூடத் தெரியாது. அந்த 10 கிராம், நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சுழலும்போது எவ்வளவு விசையோடு இழுக்கும் தெரியுமா?

25 கிலோ எடை அளவுக்கு!

அரிசி மூட்டை கனம். அது ஒரே பக்கமாக இழுத்தாலும் பரவாயில்லை. முன்னே, பின்னே, இடம், வலம் என்று நொடிக்கு 50 முறை திசை மாற்றி மாற்றி இழுக்கிறது. அதைத் தாங்குவது ஸ்பிண்டில் என்ற தண்டும் அதற்குள் இருக்கும் பேரிங்கும். முதலில் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் ஒரு அதிர்வு தெரியும். பிறகு நட்டு போல்ட்டுகள் தளரும். பிறகு பேரிங் கரகரக்கும். கடைசியில் ஸ்பிண்டிலைத் தாங்கி நிற்கும் கூண்டிலேயே விரிசல் விழும். பிளேடு விலை கொஞ்சம், ஸ்பிண்டில் விலை அதைப்போலப் பல மடங்கு.

ஆகவே அடித்துச் சொல்கிறேன்: மழுங்கிய பிளேடு புல்லைத்தான் கெடுக்கும், எடை சமன் இல்லாத பிளேடு வண்டியையே கெடுக்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான். ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் கூர் தீட்டியதும் வேலை முடிந்தது என்று மாட்டிவிடுகிறார்கள்.

சோதிப்பதற்கு ஆகும் செலவு ஒரு ஆணி! சுவரில் ஆணி அடித்து, பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டிப் படுக்கை வாட்டில் பிடித்து மெல்லக் கையை விடுங்கள். அப்படியே நின்றால் சரி. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும். இதற்கென்றே கூம்பு வடிவத்தில் ஒரு சின்னக் கருவியும் மலிவாகக் கிடைக்கிறது. ஆணியைவிட அது துல்லியம்.

எடை சமனாக இருந்தும் வண்டி அதிர்கிறதா? பிளேடு வளைந்திருக்கலாம். மரத்தின் வேரிலோ நடைபாதை ஓரத்துக் கல்லிலோ ஒரு தடவை மோதினாலே போதும். இதை ஆணி காட்டிக்கொடுக்காது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு முனைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிளேடைக் கையால் அரைச் சுற்று திருப்பி, அதே இடத்தில் மறுமுனையை அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சுத்தியலால் அடித்து நேராக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த எஃகு எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முறியும்போது அது எந்த வேகத்தில் பறக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

பிளேடுக்கு இறக்கை உண்டு!

பிளேடின் கூர் விளிம்புக்கு நேர் பின்னால், மேல்நோக்கி வளைந்த ஒரு மடிப்பு இருக்கும். அழகுக்கு வைத்தது இல்லை. அது சுழலும்போது கூண்டுக்குள் காற்றை மேலே உறிஞ்சுகிறது. படுத்துக் கிடக்கும் புல் எழுந்து நிற்கிறது, பிளேடு அடிக்கிறது, துண்டுகளை அதே காற்று பக்கவாட்டு வாய் வழியாக வெளியே தள்ளுகிறது. ஒரே பட்டை கத்தியாகவும் மின்விசிறியாகவும் வேலை பார்க்கிறது!

மடிப்பு உயரமாக இருந்தால் உறிஞ்சல் அதிகம். புல்லைப் பையில் பிடிப்பவர்களுக்கு அது நல்லது, ஆனால் எஞ்சினுக்குப் பளு கூடும். மணற்பாங்கான இடத்தில் அந்த உயர மடிப்பே எதிரியாகிவிடும். புல்லோடு மணலையும் உறிஞ்சி, அந்த மணலே மடிப்பின் அடிப்பகுதியை உள்ளிருந்து அரித்து அரித்துக் காகிதம்போல் ஆக்கிவிடும். கூர் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் மடிப்பு பிய்த்துக்கொண்டு போகும். அதனால் மணல் தரைக்குத் தாழ்ந்த மடிப்பு பிளேடு. புல்லைத் திரும்பத் திரும்ப நறுக்கி அங்கேயே உதிர்க்கும் 'மல்ச்சிங்' பிளேடு தனி வகை. அப்படி உதிரும் துண்டுகள் மக்கினால், புல்தரைக்குத் தேவையான தழைச்சத்தில் கணிசமான பங்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு கூத்து. பிளேடைத் தலைகீழாக மாட்டிவிட்டு, 'புதுசு போட்டும் வெட்ட மாட்டேன்கிறதே' என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் எவ்வளவு பேர் என்று எந்தப் பழுதுபார்க்கும் கடையில் கேட்டாலும் சிரிப்பார்கள். விதி சுலபம்: மடிப்பு கூண்டைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். பல பிளேடுகளில் எந்தப் பக்கம் புல்லைப் பார்க்க வேண்டும் என்று அச்சே குத்தியிருக்கும். நடு ஓட்டையும் எல்லாவற்றுக்கும் ஒன்றில்லை. சிலதில் வட்டம், சிலதில் 5 முனை நட்சத்திரம், சிலதில் 6 முனை நட்சத்திரம். நீளம் சரியாக இருக்கிறதே என்று வாங்கிவந்தால் உட்காராது. பிளேடுகள் எதிரெதிர்த் திசையில் சுழலும் சில வண்டிகளில் ஒரு போல்ட்டின் மரை தலைகீழாக, வலது பக்கம் திருப்பினால் கழலும்படி இருக்கும். பலத்தைக் காட்டுமுன் கையேட்டைப் பாருங்கள். இறுக்கும்போதும் அப்படித்தான். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கையேட்டில் எண் போட்டிருக்கிறார்கள், டார்க் ரெஞ்ச் அதற்குத்தான்.

எல்லாம் செய்தும் புல் ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் மொட்டையாக இருக்கிறதா? பிளேடைத் திட்டாதீர்கள், டயரில் காற்று பாருங்கள்! ஒரு டயரில் காற்று இறங்கினால் கூண்டே சாய்ந்துவிடும். அதே கூண்டு முன்பக்கம் மட்டும் பின்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது தெரியுமா? பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 10 மில்லிமீட்டர். முன்னால் வரும் நுனி ஒரு தடவை வெட்டிவிட்டால், பின்னால் வரும் நுனி அதே புல்லை மறுபடி உரசாமல் போகும். எஞ்சினுக்கு மிச்சம்.

பிளேடை எப்போது தீட்ட வேண்டும்? சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. கல்லும் மணலும் உள்ள தரையானால் இன்னும் சீக்கிரம். நுனி மூலை வட்டமாகித் தேய்ந்து போயிருந்தாலோ, மடிப்பு மெலிந்திருந்தாலோ தீட்டிப் பயனில்லை. புதுசு வாங்குங்கள்.

கடைசியாக, நிற்கும் வேகம். கையால் தள்ளும் புல்வெட்டியில் கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் சட்டம். உட்கார்ந்து ஓட்டும் வண்டியிலோ இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச். பிளேடு ஓடும்போது எழுந்தால் எல்லாம் நின்றுவிடும். சிலர் அது தொந்தரவு என்று ஒயரை இணைத்துக் கட்டிவிடுகிறார்கள். கல் தெறிக்காமல் தடுக்கும் பக்கவாட்டு மூடியையும் கழற்றி எறிகிறார்கள். இதற்கு நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு ஒரே வேண்டுகோள். பிளேடைப் பார்க்கக் குனிவதற்கு முன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். கை பிரேக்கைப் போடுங்கள். தடித்த கையுறை மாட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள், கீழே தாங்கு கட்டை கொடுங்கள். பிளேடு திரும்பாமல் இருக்க நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். அதற்கு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.